ஜோம்சோமில் இறங்குவது எப்படி?

போன வாரம் முழுக்க என் மனைவியை மலையில் மோதிக்கொண்டே இருந்தேன்... பதறாதீர்கள். கம்ப்யூட்டரில்தான்.

கோமதியும் அவள் அக்காவும் ஒரு டூர் குழுவோடு முக்திநாத் போவதாக முடிவான அன்றே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெருமாளைப் பார்ப்பதில் எனக்கென்ன ஆட்சேபணை? வழிதான் பிரச்னை. நேபாளத்தில் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் என்ற ஊருக்குக் குட்டி விமானம். இரண்டு பக்கமும் மலை. நடுவில் பள்ளத்தாக்கு. அதற்குள் புகுந்து போய், ஆற்றோரம் இருக்கும் ரன்வேயில் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் காற்று பேயாய் அடிக்குமாம்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது, விமானம் ஓட்டும் கேம். பகலெல்லாம் கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தூசு தின்றுவிட்டு மீஞ்சூர் திரும்புகிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு? நிஜத்தில் நான் விமானம் ஏறியதே இல்லை. கம்ப்யூட்டரில் சென்னை, டெல்லி என்று அகலமான ரன்வேயாகப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தவன், ஜோம்சோமைத் தேடி டவுன்லோடு செய்தேன். நாமே ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் அல்லவா?

போகவில்லை. முதல் நாள் மலையில் மோதினேன். மறுநாள் ஆற்றில் விழுந்தேன். அதற்கடுத்த நாள் ரன்வே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது — பக்கவாட்டில் ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில் ஒரு மெஷின் குரல் "புல் அப்! புல் அப்!" என்று, மூக்கை மேலே தூக்கச் சொல்லி அலறும். பின்சீட்டில் கோமதி உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்போடு எப்படி ஓட்டுவது? கை வியர்த்து மவுஸ் வழுக்கியது.

சமையலறையிலிருந்து கோமதியின் குரல் வந்தது. "யாருங்க அவன், சாய்ங்காலம் ஆனா கத்திகினே கீறான்?"

"சும்மா... கேமு."

"எந்த ஊரு?"

"ஊட்டி" என்றேன். எட்டிப் பார்த்தாள். திரை முழுக்கப் பனிமலை. விமானம் அதில் முட்டுவதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

நேற்று காலை மீஞ்சூரில் ரயில் ஏறும்போது, 'ப்ளேன்ல உக்காந்துட்டோம்' என்று மெசேஜ் வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. பொன்னேரி வந்தது, கவரைப்பேட்டை வந்தது... போன் ஸ்விட்ச்டு ஆஃப். கும்மிடிப்பூண்டியில் இறங்கி கம்பெனி கேட் வரை நடந்தேன். அப்போதும் ஸ்விட்ச்டு ஆஃப். எந்த வளைவில் மலை முன்னால் வந்து நிற்கும் என்று எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே! உள்ளே போகக் கால் வரவில்லை. லாரிகளுக்கு நடுவில் நின்று, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

ஒருவழியாக போன் அடித்தது.

"இன்னாங்க, பொக்காராவுலதான் கீறோம். பாதி வழி போயி திருப்பிட்டாரு. காத்து ஜாஸ்தியாம். ஒரு நாள் வேஸ்ட்டுன்னு எல்லாரும் பைலட்டைத் திட்டிகினு கீறாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நீ திட்டலையா?"

"நான் இன்னாத்துக்குத் திட்டணும்? நீங்க ஓட்டியிருந்தா முட்டிகினு இருப்பீங்க. ஊட்டியிலயே அத்தினி தபா முட்டினீங்களே!"

அத்தனை நாளில் ஒரு தடவையாவது நான் விமானத்தைத் திருப்பினேனா? திருப்பலாம் என்று தோன்றவே இல்லையே! கிளம்பிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும் — நம்மில் பலர் வேலை, வியாபாரம், கோர்ட் கேஸ் எல்லாவற்றையும் இப்படித்தானே ஓட்டுகிறோம்? முகம் தெரியாத அந்த பைலட், விமானம் நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு, என் கோமதியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

"சரி, இப்போ இன்னா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"நாளைக்கு ஜீப்புல போறோங்க. மலை ரோடாம். ஒரு பக்கம் பூரா பள்ளமாம்."

இதை எழுதும்போது ஜீப் கிளம்பியிருக்கும். அந்த ரோட்டுக்கும் கேம் இருந்தால்... தயவுசெய்து என்னிடம் சொல்லிவிடாதீர்கள்!