கையுறைக்குப் போட்ட கையெழுத்து

"கைநாட்டு வெக்கிற கும்பல் நீங்க. உங்களுக்கு யாரும்மா சாட்சி? உங்க ஏசு வந்து சொல்லுவாரா?"

துப்புரவு மேஸ்திரி இப்படிக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எதிரே நின்ற என் அம்மாவின் வலது கைக் கட்டிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்துக்குக் காரணமானவரே மூக்கைப் பொத்தினார். அதைப் பார்த்த அருவருப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அம்மா திருவண்ணாமலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் எச்சில் தட்டும் டயப்பரும் பாட்டிலும் கால்வாயை அடைத்துக் கிடக்கும். வெறுங்கையால் அள்ளுவார்கள். போன பிப்ரவரி பௌர்ணமி முடிந்த காலை, அடி அண்ணாமலைப் பக்கம், உடைந்த பாட்டில் ஒன்று அம்மாவின் கையைக் கிழித்தது. அம்மா முந்தானையைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். "அத்த முடிச்சிட்டுப் போ" என்றார் மேஸ்திரி. ரத்தம் வழிந்த கையை அம்மா மறுபடியும் சாக்கடைக்குள் விட்டார்.

நான்காம் நாள் கை கறுத்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். மீதிக் கை பிழைக்க நீண்ட சிகிச்சை தேவைப்பட்டது. அம்மாவை வேலைக்கு வைத்த ஒப்பந்த நிறுவனமோ செலவை ஏற்கவில்லை. வேலையிலிருந்தும் நிறுத்தியது. மாதாமாதம் கையுறை கொடுத்தார்களாம், போடாதது அம்மாவின் குற்றமாம். கையுறையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அம்மா சொன்னபோதுதான் மேஸ்திரி சாட்சி கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரு பதிவேட்டை விரித்தார். ஜூலை முதல் ஜனவரி வரை, கையுறை பெற்றதற்கு அம்மாவின் கையெழுத்து இருந்தது.

"ஏம்மா போட்ட?"

"பொங்கல் கழிச்சி ஒரே நாள்ல ஏழு எடத்துல போடச் சொன்னாங்கடி. எனக்குத்தான் இப்பப் போட வருதே. பெருமையா போட்டேன்."

போடக் கற்றுக்கொடுத்தவள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள், பி.காம். முடித்தவள். வங்கியில் அம்மா மையில் விரல் தேய்ப்பது எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கையெழுத்தை மட்டும் பழக்கினேன். படிக்கக் கற்றுக்கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. வேலை முடிந்து வந்தால், குளித்துவிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னவளும் நான்தான்.

சபையில் ஒருவர், "பொறுத்துக்கோம்மா, ஆண்டவர் பாத்துக்குவார்" என்றார். அது மேஸ்திரியின் சிரிப்பைவிடக் கசந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். "ஆண்டவரே, எனக்குப் பொறுமை வேண்டாம். நியாயம் வேண்டும். எங்களுக்காகப் பேச யாரும் இல்லை. நீர் பேசும்" என்று அழுதேன்.

வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் கண்ணைத் துடைத்து எழுந்தபோது, மின்னல் போல ஒன்று உறைத்தது. ஜூலையில் அம்மாவுக்குக் கையெழுத்தே தெரியாதே!

மறுநாளே தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி, நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வருகைப் பதிவேட்டில் டிசம்பர் வரை தினமும் அம்மாவின் கைநாட்டு இருந்தது. கையுறைப் பதிவேட்டில் ஜூலையிலிருந்தே கையெழுத்து இருந்தது.

"என்னங்க மேஸ்திரி, இந்தம்மா காலைல கைநாட்டு, கையுறை வாங்கும்போது மட்டும் கையெழுத்தா?"

மேஸ்திரி கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை நெற்றியைத் துடைக்க.

சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்றது. வேலையும் திரும்பக் கிடைத்தது. அம்மாவின் கை பிழைத்தது.

உங்கள் ஏசு வந்து சொல்வாரா என்று மேஸ்திரி கேட்டார் அல்லவா? வந்தார், சகோதர சகோதரிகளே. நான் வெட்கப்பட்ட அந்த மை படிந்த கட்டைவிரல் ரேகையை வைத்தே சாட்சி சொன்னார். நாம் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவர் குனிந்து நிற்கிறார். உங்களை யாராவது மிதித்துக்கொண்டிருந்தால், பொறுமைக்காக மட்டும் ஜெபிக்காதீர்கள். நியாயத்தையும் கேளுங்கள். அவர் முகம் சுளிக்கமாட்டார்.

அம்மாவோடு வேலை செய்யும் ஆறு பெண்கள் இன்னும் வெறுங்கையால்தான் அள்ளுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துக் கையுறை கேட்டு ஒரு மனு எழுதினேன். முதலில் அம்மாவிடம் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இருடி. என்னா எழுதியிருக்குதுன்னு தெரியாம இனிமே போட மாட்டேன்."

கை ஆறிய நாளிலிருந்து அம்மாவுக்குப் படிக்கவும் சொல்லிக்கொடுத்து வருகிறேன்; முதல் வரியை அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்தார். மீதியை எல்லாருக்கும் கேட்கும்படி நான் படித்தேன். நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள், மூன்று பேர் கைநாட்டு வைத்தார்கள். போன திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் அதைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.