நாற்பத்தெட்டாவது கிளிப்

துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் செய்கிற தொழிற்சாலை எங்களுடையது. அங்கே தரம் பார்க்கும் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லோருக்கும் அவள் நாற்பத்தெட்டு. காலை முழுக்க பெல்ட்டின் அருகே நின்று ஓடிவரும் கிளிப்புகளை எண்ணுவாள். நாற்பத்தெட்டாவதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். மதியத்துக்கு மேல் தட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் நூறு தடவை திறந்து மூடுவாள். உடையாவிட்டால் பதிவேட்டில் பூஜ்ஜியம். பதினோரு வருடமாகப் பூஜ்ஜியம்தான். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரல் மட்டும் உயரும். கூரை தீப்பிடித்தாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் ஓடுவாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எனக்கு அவளைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலும் அவளுக்கு இதே புத்திதான். எதையும் முழுதாகப் பார்க்க மாட்டாள், எண்ணி எடுத்துப் பார்ப்பாள். பழக்கடையில் குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பழம் உருவுவாள். கடைக்காரர், "இது பழமாக்கா, பரீட்சைப் பேப்பரா?" என்று தலையில் அடித்துக்கொள்வார். மகளின் கணக்கு நோட்டில் ஐந்தாவது கணக்கு, பத்தாவது கணக்கு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். மகள் கெட்டிக்காரி. ஐந்தையும் பத்தையும் மட்டும் அழகாகப் போட்டுவிட்டு, நடுவில் வாய்க்கு வந்த எண்ணை எழுதிவைத்தாள். பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். மகளைத் திட்டினாளே தவிரத் தன் எண்ணிக்கையைத் திட்டவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்பு புகார்க் கடிதங்கள் வர ஆரம்பித்தன. உடைந்த கிளிப்பையும் உறைக்குள் போட்டே அனுப்பினார்கள். ஒரு வீட்டில் ஈரப் போர்வை ஐந்தாவது மாடியிலிருந்து பறந்து, கீழே நின்ற தபால்காரரைத் தலையோடு மூடிவிட்டதாம். அவர் அதற்குள்ளிருந்தே கத்தினாராம். இன்னொருவரின் உள்ளாடை எதிர்வீட்டு ஜன்னலில் போய் விழுந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. மேனேஜர் இதையெல்லாம் எங்களைக் கூட்டிவைத்து உரக்கப் படித்தார். நாங்கள் சிரித்தோம். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"மெஷின்ல குறை இல்ல. பதிவேடு பூஜ்ஜியம்னு சொல்லுது. அப்ப எங்க உடையுது? பேக்கிங்லதான். பெட்டியத் தூக்கிப் போடுறீங்க."

பேக்கிங்கில் நாங்கள் மூன்று பேர். நான், என் நாத்தனார், எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் சிரிப்பு என்று பெயர் வாங்கிய பெண். மூன்று பேர் பெயரையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அடுத்த சனிக்கிழமையோடு வேலை இல்லை. கீழே நாற்பத்தெட்டின் கையெழுத்து, அச்சடித்தது போல் நேராக. அன்று சிரிப்புகூடச் சிரிக்கவில்லை. நானும் நாத்தனாரும் ஒரே வீட்டில் சோறு சாப்பிடுகிறவர்கள். இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றால் அடுப்பு எப்படி எரியும்?

வியாழக்கிழமை சாயங்காலம், புகாரோடு வந்த உடைந்த கிளிப்புகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். வழி நெடுக வசனம் தயார் செய்துகொண்டே போனேன். அவள் மொட்டைமாடியில் இருந்தாள். நல்ல காற்று. அக்கம்பக்கத்து மாடிகளில் துணி பறக்காத குறைதான். இவள் கொடியில் ஒரு கைக்குட்டைகூட நகரவில்லை. சோதித்த கிளிப்பை விற்க முடியாது என்பதால் பதினோரு வருடமாக அதையெல்லாம் வீட்டுக்குத்தான் எடுத்துவருகிறாள். எனக்கு இன்னும் எரிந்தது.

"உங்க வீட்டுல மட்டும் எப்படிக்கா உடைய மாட்டேங்குது? எங்க கை பட்டா உடையுதுன்னு எழுதுனீங்களே, இதப் பாருங்க!" என்று உடைந்த கிளிப் ஒன்றை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். பின்னால் வெயில். நீல பிளாஸ்டிக்குக்குள் பொடியாக ஓர் எண் தெரிந்தது. ஐந்து. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் ஐந்து. பையில் இருந்த அத்தனையிலும் ஐந்து.

"இது என்னக்கா, எல்லாத்துலயும் அஞ்சு?"

"பிளாஸ்டிக் ஊத்துற அச்சுல பதினாறு குழி இருக்கு. எந்தக் குழியில வந்ததுன்னு நம்பர் விழும். அது யாருக்கு வேணும்..." என்றவள் பாதியில் நின்றாள். கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பதினாறு. அடுத்தது, பதினாறு. அப்புறம் வெறி பிடித்தவள் போல ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். துண்டு விழுந்தது, பாவாடை பறந்தது, அவள் கணவரின் சட்டை பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் இறங்கியது.

"ஏய், என் சட்டை! நாளைக்கு எதப் போட்டுட்டுப் போறது?" என்று அவர் கீழேயிருந்து கத்தினார்.

அவள் காதில் விழவில்லை. கிளிப்புக் குவியலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவைக்குப் பதினாறு விழுது, வரிசையா. நான் நாப்பத்தெட்டாவத எடுக்கறேன். பதினாறு மூணு நாப்பத்தெட்டு. பதினோரு வருஷமா ஒரே குழியத்தான் பாத்திருக்கேன். மத்த பதினஞ்சையும் நான் தொட்டதே இல்லடி."

வாய்ப்பாடு தெரிந்த குழந்தை கண்டுபிடித்திருக்கும். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், குதிக்க முடியவில்லை. வசனம் அத்தனையும் வீணாகப் போனது.

மறுநாள் காலை அவள் மேனேஜரிடம் போனாள். அவர் நம்பவில்லை. அந்தப் பூஜ்ஜியத்துக்காக அவர் வாங்கிய சான்றிதழ் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் அவள் ஒரு பெரிய டிரம் நிறைய அன்றைய கிளிப்புகளைக் கொட்டி, துடைப்பக் கட்டையால் கிண்டு கிண்டென்று கிண்டினாள். மேனேஜரையும் வேன் டிரைவரையும் சேர்த்து நாங்கள் முப்பது பேர். ஒவ்வொருவரும் கண்ணை மூடி இருபது கிளிப் எடுக்க வேண்டும், நூறு தடவை திறந்து மூட வேண்டும். தொழிற்சாலை முழுக்க டக் டக் டக்கென்று ஒரே சத்தம். டிரைவருக்கு விரல் வீங்கிவிட்டது. "ஸ்டியரிங்க யாருங்க பிடிக்கறது?" என்று கேட்டுக்கொண்டே முடித்தார்.

மேனேஜர் எடுத்த இருபதில் ஒன்றுகூட உடையவில்லை. "பாத்தீங்களா, பூஜ்ஜியம்!" என்று எழுந்து நின்றுவிட்டார். என் நாத்தனாருக்கு நான்கு உடைந்தது. "நான் எத எடுத்தாலும் இப்படித்தான்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"உக்காருங்க சார்," என்றாள் நாற்பத்தெட்டு. "ஒருத்தர் கையில பூஜ்ஜியம் வரும், ஒருத்தர் கையில நாலும் வரும். ஒரே டிரம்தான். ஒரு கைய நம்பித்தான் நான் கெட்டேன். எல்லார் கையும் சேந்து என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்."

சுவரில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஒன்றும் உடையாதவர்கள் எட்டுப் பேர். ஒன்று உடைந்தவர்கள் பதினொன்று. இரண்டு, ஏழு பேருக்கு. மூன்று, மூன்று பேருக்கு. நான்கு, என் நாத்தனார் ஒருத்திதான். 'ஒன்று' என்ற இடத்தில்தான் கோடுகள் அதிகமாகக் குவிந்து, அதற்குமேல் போகப் போகக் குறைந்துகொண்டே போயின. இங்கே யாரும் எந்தப் பெட்டியையும் தூக்கிப் போடவில்லை. அந்தக் கிளிப்புகள் இன்னும் பேக்கிங் மேசைப் பக்கமே வரவில்லை. உடைந்த முப்பத்தெட்டையும் மேனேஜர் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அத்தனையும் ஐந்தாம் குழி. அச்சைக் கழற்றினார்கள். உள்ளே முடி அளவுக்கு ஒரு விரிசல்.

மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றாலும் கண்ணாடிக் கதவு, திறந்துதான் இருந்தது.

"அச்ச மாத்திடலாம். இவங்க மூணு பேரும் இருக்கட்டும். பழைய பதிவேட்டப் பத்தி நீங்க எதுவும் பேச வேண்டாம். எதுக்கு உங்க பேரக் கெடுத்துக்கறீங்க?"

"அவங்க பேரு பலகையில ஆறு நாளா ஒட்டியிருக்கு சார்."

அவள் நேராக வெளியே வந்தாள். எங்கள் மூன்று பேர் பெயரையும் கிழித்தாள். அதே இடத்தில் வேறொரு தாளை ஒட்டி எல்லோரும் பார்க்க எழுதினாள்: பேக்கிங்கில் தவறு இல்லை. தவறு எண்ணியவளுடையது. பதினோரு வருடப் பூஜ்ஜியத்துக்கு அர்த்தம், தெரியாது என்பதே. கீழே அதே நேரான கையெழுத்து. வேலை போய்விடும் என்று அவளும் நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். அவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். உள்ளே போனார். சான்றிதழ் தொங்கிய சுவரிலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இன்னிக்குச் சாம்பிள் எடுத்தாச்சா?"

"இல்ல சார்."

"அப்ப எடுங்க. பைய மாட்டிட்டு நின்னா யாரு எடுக்கறது?"

அவள் பையை இறக்கிவைத்தாள். ஒன்றிலிருந்து நாற்பத்தெட்டு வரை தாள் துண்டுகளில் எண் எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு என் முன்னால் நீட்டினாள்.

"எத்தனாவதுன்னு இனிமே நீ சொல்லு. என் கை பழகிப்போன கை."

கண்ணை மூடி டப்பாவுக்குள் கையை விட்டேன். ஆறு நாளாக அவளைத் திட்டிய வாயை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. துண்டைப் பிரித்து எண்ணை மட்டும் படித்தேன்.