ஒன்பது என்றால் பதினொன்று

எங்கள் தெருவில் யாரையாவது விசேஷத்துக்குக் கூப்பிடுவதாக இருந்தால் உண்மையான நேரத்தைச் சொல்லவே மாட்டோம். பதினொரு மணிக்கு வளைகாப்பு என்றால் ஒன்பது என்போம். பொய் இல்லை, பட்டறிவு. திருவொற்றியூருக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினாலும், துறைமுகத்துக்குள் நுழைய வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் டிரைலர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் வெந்து, அப்புறம்தான் வந்து சேருவார்கள். வாசலில் செருப்பை விடும்போதே எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: "முதல்ல தண்ணி குடு." இந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கள் வீட்டில் 'டிரைலர் டைம்' என்று பெயர்.

இந்த டிரைலர் டைம்தான் என்னுடைய முதல் இரண்டு வரன்களையும் முழுங்கியது. முதல் வரன் பூந்தமல்லி. பெண் பார்க்க வேன் எடுத்துக்கொண்டு வந்தவர்கள், டோல்கேட்டைக்கூடத் தாண்டாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். போனில் சொன்னது இதுதான்: "பொண்ணு நல்ல பொண்ணாத்தான் இருக்கும். ஆனா சம்பந்தம்னு வெச்சுக்கிட்டா காலம் பூரா இந்த ரோட்லயா வந்து போறது?" அன்றைக்குச் சுட்ட பஜ்ஜியை நானே உட்கார்ந்து தின்றேன். இரண்டாவது வரன் எப்படியோ வந்து சேர்ந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க லாரிக்காரர்களைத் திட்டினார். கேசரியைத் தொடவில்லை, என்னையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் சரி, போகட்டும். ரோட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார்களே! நான் என்ன அந்த ரோட்டுக்குப் பிறந்தவளா?

பிறகு மெட்ரோ வேலை ஆரம்பித்தது. ஊரே புழுதியில் பவுடர் பூசிக்கொண்டது. தகரத் தடுப்பு, பள்ளம், மறுபடி தகரத் தடுப்பு. நேற்று போன வழியில் இன்றைக்குப் போக முடியாது. காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. அந்த வருடங்களில் எங்கள் கடையில் அதிகம் விற்றது இருமல் மருந்துதான். ஒரு வழியாகத் தூண்கள் எழுந்து, அதன் மேல் பாலம் வந்து, வண்டியும் ஓட ஆரம்பித்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவே திரண்டுபோய் ஏறிப் பார்த்தது. அம்மா பட்டுப்புடவையில் போனார்.

நைனா மட்டும் வரவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தரத்தில் உட்கார்ந்தே வாழ்ந்தவர், மெட்ரோவைப் பற்றிச் சொன்னார்: "மேல ஓடிகினு கீற வண்டி திடீர்னு பூமிக்குள்ள பூந்துடுதாமே. எனக்கு வாணாம்மே."

மூன்றாவது வரன் மீனம்பாக்கத்திலிருந்து வந்தது. ஊரின் அந்தக் கோடி. மாப்பிள்ளைக்கு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. நைனா எடுத்ததுமே முடியாது என்றார்.

"உங்க தங்கச்சி வூட்டுக்குப் பக்கத்துலதானே கீது?" என்றார் அம்மா.

"அதனாலதான் வாணாங்கறேன்."

அது ஒரு பழைய காயம். அத்தையைப் பல்லாவரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர் தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தபோது, அண்ணன் வீட்டு மீன் குழம்பு வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நைனா தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். காலையில் கிளம்பியவர் போய்ச் சேர்ந்தது பிற்பகலில். நெரிசலில் பாதிக் குழம்பு அவர் சட்டையிலேயே கொட்டிவிட்டது, மீதி சில்லென்று ஆறிக் கிடந்தது. அத்தை அந்த ஆறின குழம்பையே சோற்றில் ஊற்றித் தின்றாராம், கண்ணில் தண்ணீர் ஓட ஓட. அதற்குப் பிறகு அத்தை பிறந்த வீட்டுக்கு வந்ததெல்லாம் பொங்கலுக்கும் சாவுக்கும்தான். என் மகள் இப்படி ஆகக்கூடாது என்று நைனா மனதுக்குள் கோடு போட்டுவிட்டார்.

அம்மா விடவில்லை. "வந்து பாத்துட்டுப் போட்டும். பாக்கறதுக்கு இன்னா?" என்று நச்சரித்துச் சம்மதம் வாங்கி, மீனம்பாக்கத்துக்குப் போன் போட்டு, பழக்க தோஷத்தில் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்கு வந்துருங்கோ." அதாவது, எங்கள் கணக்கில், பதினொன்று.

அந்த ஞாயிறு காலை, ஒன்பதாக இன்னும் பத்து நிமிடம். நைனா காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார். அம்மா உரித்த வெங்காயத்தோடு அடுப்படியில். நான் தெருமுனை அடிபம்பில், நைட்டியும் தோளில் துண்டுமாக, தலை நிறைய எண்ணெய் வழிய, குடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா, வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், நீலச் சட்டை போட்ட ஓர் ஆள். ஒருவர் முகத்திலும் வியர்வை இல்லை.

"ஏம்மா, இங்க ஹார்பர்ல கிரேன் ஓட்டினாரே, அவர் வீடு எது?" என்றார் பெரியவர்.

வீடு என் முதுகுக்குப் பின்னால் நாலாவது வாசல். இந்த எண்ணெய்த் தலையோடு அதைக் காட்டவா முடியும்? வாய் தன் வேலையைப் பார்த்தது.

"நேரா போங்கோ. தேரடி வரும். லெப்ட்ல திரும்பி, கோயில ஒரு சுத்து சுத்திகினு, மறுபடியும் லெப்ட்டு. அங்க கேளுங்கோ."

நீலச் சட்டை போனைப் பார்த்தார். "மேப்ல இந்தத் தெருதான் காட்டுது."

"மேப்புக்கு இன்னா தெரியும்? அந்தப் பக்கம் ரோடு தோண்டி வெச்சிகிறாங்கோ. சுத்திகினுதான் போணும்."

எங்கள் ஊரில் ரோடு தோண்டியிருக்கிறார்கள் என்றால் மறுபேச்சே கிடையாது, கடவுளே நம்புவார். பெரியவர் "இன்னுமா தோண்டறாங்க, பாவம்" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டு நடந்தார். நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

"யம்மோவ்! வந்துட்டாங்கோ!"

"யாரு?"

"மாப்ள வூட்டுக்காரங்கோ!"

"மணி ஒம்போதுதானடி ஆவுது?"

"ஒம்போதுக்குதான வரச் சொன்ன?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றார். வாழ்க்கையில் முதன்முறையாக, ஒன்பது மணிக்கு வரச் சொன்ன ஆட்கள் ஒன்பது மணிக்கே வந்திருந்தார்கள்.

அடுத்த கால் மணி நேரத்தில் நடந்ததைச் சொன்னால் மாளாது. பக்கத்து வீட்டு நாற்காலிகள் சுவர் தாண்டி வந்தன. அலசாத எண்ணெய்த் தலையைப் படிய வாரிப் பூ வைத்து மறைத்தேன். பஜ்ஜி மாவு மாவாகவே கிடந்தது. தட்டில் பிஸ்கட் வைத்தோம். அதற்குள் கோயிலைச் சுற்றிவிட்டு வந்தவர்கள், "வர்ற வழியில சாமி தரிசனமும் ஆச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னபடியே உள்ளே நுழைந்தார்கள்.

காபித் தட்டோடு போனேன். நீலச் சட்டை நிமிர்ந்து பார்த்தார். பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, ஆள் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய அம்மா வேறு என்னை உற்றுப் பார்த்து, "இந்தப் பொண்ண எங்கேயோ பாத்த மாதிரியே இருக்கே" என்றார். நான் அவசரமாகத் தட்டை நீட்டினேன்.

"போட்டோல பாத்திருப்பீங்கம்மா" என்றார் நீலச் சட்டை. காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை. ஆனால் தம்ளருக்குப் பின்னால் தோள் மட்டும் குலுங்கியது.

எனக்குப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

அப்போது பார்த்து நைனா வந்தார். கைலி, பனியன், கையில் தண்ணீர் சொட்டும் மீன் பை. கூடத்தில் ஆட்களைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஆட்களைப் பார்த்தார். பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சம்பளம் என்ன, சொந்த வீடா என்றெல்லாம் கேட்காமல், நேராக ஒன்றைக் கேட்டார்.

"எப்டி வந்தீங்கோ?"

"மெட்ரோல சார்."

"எங்க மாறுனீங்கோ?"

"மாறவே இல்ல. அங்க ஏறினோம், உக்காந்தோம், இங்க இறங்கினோம்."

"எம்மா நேரம்?"

"ஒரு மணி நேரம். கொஞ்சம் முன்னப் பின்ன."

"டபாய்க்காதீங்கோ" என்று நைனா சிரித்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே சொன்னார்கள். "ரோசன பண்ணி சொல்றேன்" என்றது எங்கள் நைனாதான். பெண் வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிற அதிசயத்தை அன்றைக்குத்தான் தெரு பார்த்தது.

ஒரு வாரம் ஓடியது. நைனா வாயைத் திறக்கவில்லை. மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அம்மா இழுத்து இழுத்துப் பேசினார். சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தாங்கவில்லை.

"நைனா, எனக்கு அந்தாளப் புடிச்சிகீது. உனுக்கு இன்னா கொற தெரியுது, சொல்லு."

"கொறயே இல்லம்மா."

"அப்பால?"

"கட்டிகினு போறது ஒரு நாளு. பொறந்த வூட்டுக்கு வந்து போறது காலம் பூரா. அவங்கோ ஒரு மணி நேரம்னு சொல்றாங்கோ. யாரு கண்டா?"

"நீ ஒரு தபா ஏறிப் பாத்தியா? ஏறாமலே என் வாழ்க்கைல மண்ணப் போடுவியா?" என்று கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். நைனா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. விடியும்போதே காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கிவந்து, "சீக்கிரம் கொயம்பு வெய்யி" என்று அம்மாவை விரட்டினார். குழம்பு கொதித்து இறங்கியதும், மூன்றடுக்கு கேரியரின் கீழடுக்கில் தானே ஊற்றினார். மேலடுக்குகளில் சோறு. துண்டால் இறுக்கிக் கட்டினார். வெள்ளைச் சட்டை போட்டார், கைக்கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு சரிபார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் அம்மா.

"தோ வந்துர்றேன்."

மதியம் வரை ஆளைக் காணோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். தெருமுனைக்கும் வாசலுக்குமாக நான் எத்தனை முறை நடந்தேனோ தெரியாது. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வந்தார். கேரியரை அம்மா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் குந்தினார். கேரியர் கனக்கவில்லை. அம்மா மூடியைத் திறந்தார். அடுக்குகள் கழுவித் துடைத்திருந்தன. மேலடுக்கில் மட்டும் சர்க்கரை.

"யார் குட்த்தாங்கோ இத?"

"என் தங்கச்சி."

நைனா கைக்கடிகாரத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"மீனம்பாக்கத்துல எறங்குனேன். டேசன்ல பெஞ்சில குந்தி, தொறந்து, கொயம்புல வெரல வெச்சேன். சுட்ச்சி. ஒரு சொட்டு சிந்தல. நேரா ஆட்டோ புட்ச்சி பல்லாவரம் போய்ட்டேன். தட்டுல சோத்தப் போட்டு ஊத்துனா ஆவி பறக்குதும்மே. சூடா துன்னா."

"அயுதாங்களா?" என்று அம்மா கேட்டார்.

"அயுதா. அவ மட்டுமா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கேரியரிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து என் வாயில் போட்டார்.

"அந்தாளுக்குப் போன் போட்டு சரின்னு சொல்லு. பத்திரிகைல மட்டும் முகூர்த்தம் எத்தினி மணிக்கோ, அதையே போடு. என் தங்கச்சி கரீட்டா வந்துருவா."