அழிக்கச் சம்மதம்

அம்மாவிடம் பொய் சொல்லப் பழகியது, என் போன் பழுதான பிறகுதான்.

எங்களிடம் தங்கச்சியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசி இடப்பெயர்வில் அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போயின. அவளும் ஷெல் பட்டு வழியில் இறந்தாள். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தோம். அந்த இடத்தை இன்றைக்குக் காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்துப் பளையில் சின்னம்மா வீட்டுச் சுவரில் அவளைக் கண்டேன். யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் எடுத்த படம். அது கண்ணாடியோடு ஒட்டிப்போய், ஒரு மூலையைக் கறையான் தின்னத் தொடங்கியிருந்தது. சட்டத்தைக் கழற்றினால் முகம் கிழிந்துவிடும் என்று பயந்து, சுவரில் இருந்தபடியே போனில் பிடித்தேன். அடுத்த மாரி முடிந்தபோது அந்தச் சுவரில் வெறும் சட்டம்தான் மிஞ்சியிருந்தது.

போன், அண்ணா பிரான்சிலிருந்து வந்தபோது தந்தது. அம்மாவுக்கு அது படம் பார்க்கிற சாமான், அவ்வளவுதான். பின்னேரம் தேத்தண்ணி குடித்து முடித்ததும் அவளைக் காட்டு என்பார். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க நான் பழக்கிவிட்டேன். முதலில் கண், பிறகு கன்னத்து மச்சம். அந்த மச்சம் திரை முழுக்க நிறையும் வரைக்கும் விரிப்பார். பார்வை மங்கிய அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

ஏன் வேறு எங்கேயும் ஒரு பிரதி வைக்கவில்லை என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். கேட்பவர்கள் ஓடிப் பார்க்காதவர்கள். நாங்கள் ஓடிய காலத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை எல்லாம் அதற்குள். இரண்டு பையாகப் பிரித்து வைத்தவர்கள் ஏதாவது ஒன்றைத் தவறவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒன்றுக்குள் வை, அதைக் கையை விட்டு இறக்காதே என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிவிட்ட புத்தி. போன் அந்தப் பையின் இடத்துக்கு வந்தது. அண்ணாவுக்குக்கூட அனுப்ப அம்மா விடவில்லை. பிள்ளையின் படம் கண்டவர்களின் கையிலும் போகக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். நானும் சரி என்றேன். அந்தச் சரியை நினைத்து என்னை நானே திட்டாத நாள் இல்லை.

பூநகரி பஸ்ஸில் இருந்து இறங்கும்போது போன் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடைக்காரர் அரை மணித்தியாலத்தில் புதுத் திரை போட்டுத் தந்தார். நல்ல வேலை. மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகு, போனின் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லி ஓர் அறிவித்தல் நாளும் பொழுதும் வந்து கழுத்தை அறுத்தது. தொல்லை தீரட்டும் என்று ஒரு காலையில் சம்மதம் கொடுத்தேன். போன் அணைந்து மீண்டும் எரிந்தது. திரை கொம்பனியுடையது அல்ல என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு விரல் பட்டால் அது அசையவே இல்லை. கடவுச்சொல்லை அழுத்தவும் வழியில்லை.

கடைக்காரர் பாவம், இரண்டு நாள் மினக்கெட்டார். அதே கொம்பனியின் பழைய போன் ஒன்றில் இருந்து அசல் திரையைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார். அதுவும் வேறு போனின் திரை என்று எங்கள் போன் கண்டுபிடித்துவிட்டது. திரையைப் போனோடு சேர்த்துவிடுகிற வேலையைக் கொம்பனி தன் கையில் வைத்திருக்கிறது என்றார்.

"எங்கட சாமான் எல்லோ தம்பி?"

"ஓம் அக்கா, சாமான் உங்கடதான்," என்றார். குனிந்து தன் ஆணிகளைப் பொறுக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் உழவு மெசினில் பாதிச் சாமான் வேறு மெசின்களுடையது. பரந்தன் பட்டறையில் எதை எதையோ வெட்டிப் பூட்டுவார்கள், அது வயலில் உழும். இது யார் பூட்டியது என்று அது ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மாவிடம், போனுக்குச் சின்ன வருத்தம், கொழும்பில் காட்டினால் மாறிவிடும் என்றேன். முதல் பொய்.

கொழும்பில் கொம்பனியின் திருத்துமிடம் குளிரூட்டி போட்ட பெரிய அறை. தமிழ் தெரிந்த ஒரு பிள்ளையை எனக்காகக் கூப்பிட்டார்கள். வெளியாள் திறந்த போனை அவர்கள் தொடுவதென்றால், உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிட்டுத்தான் தொடுவார்களாம். அதுதான் ஒழுங்காம். போன் புதிது மாதிரி வேலை செய்யுமாம். ஒரு படிவத்தை நீட்டினாள்.

"அழிக்கச் சம்மதமெண்டா இதில கையெழுத்து வையுங்கோ அன்ரி."

"இதுக்குள்ள என்ர தங்கச்சி இருக்கிறாள் பிள்ளை."

அவள் கண் கலங்கியது. இருந்தாலும் அவளுக்கு வேறு படிவம் கொடுத்து வைக்கவில்லை. நான் போனை எடுத்துக்கொண்டு எழும்பினேன். தூங்குகிறவர்கள் நிறைந்திருந்த பஸ்ஸில் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வவுனியா வருமுன்னரே அழுதுவிட்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. படிவத்தைப் பற்றியும் சொன்னேன். அம்மா போனை வாங்கி மடியில் வைத்தார்.

"அழிக்க விடாத. பூட்டிக் கிடந்தாலும் உள்ளுக்குத்தானே கிடக்கிறாள்."

இப்போது போன், உறுதியும் சான்றிதழும் உள்ள பைக்குள் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எடுத்துச் சார்ச் போடுவேன். திரை எரியும், கடவுச்சொல் கேட்கும். அம்மா இரண்டு விரலையும் வைத்து ஒரு தரம் விரித்துப் பார்ப்பார். பிறகு அணைத்து வைப்போம்.

போன வெள்ளி அப்படி விரித்த விரலை எடுக்காமலே கேட்டார்.

"அவளின்ர மச்சம் எந்தப் பக்கக் கன்னத்தில?"

நான் யோசித்தேன். கண் வந்தது, சிரிப்பு வந்தது, மச்சமும் வந்தது. பக்கம் வரவில்லை.

"இடப்பக்கம் அம்மா," என்றேன்.

"ஓம், இடப்பக்கம்தான்," என்று அம்மா தலையாட்டினார்.