சுவருக்கு அப்பால் ஒரு நண்டு

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கடைசியில் மெல்லிய விசில்.

பட்டுக்கோட்டைப் பேருந்தில் என் பின்னிருக்கையில் யாரோ இருமினார்கள். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. அடுத்த வசனம் என்னுடையது என்று நாக்கு நம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மடியில் வாழைச்சீப்போடு முன்பின் தெரியாத ஒரு மனிதர். தொந்தரவு செய்துவிட்டவர்போல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே, புது ஆறு என்று ஊரில் சொல்லும் கால்வாய் கொஞ்ச தூரம் பேருந்தோடு ஓடி வந்தது, பிறகு வேறு வேலை நினைவுக்கு வந்ததுபோல் விலகிப் போனது.

அந்த இருமலின் தாளம் எனக்குத் தெரியும். ஒன்பது எபிசோடுகள் அதோடு சேர்ந்து நடித்திருக்கிறேன்.

நாங்கள் எடுத்தது ஒரு கார்ட்டூன் தொடர், இணையத்தில் ஏற்றுவதற்கு. நாங்கள் என்றால் இரண்டே பேர். வரைந்து அசைய வைப்பவள் அவள். சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஏதோ நாட்டுக் குழந்தைகளுக்காகப் பனிக்கரடிகளை வருடக்கணக்கில் நடக்க வைத்துவிட்டு, அம்மா இறந்தபின் அப்பாவோடு இருப்பதற்காக ஊருக்கு வந்தவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குப் பூச்சிகள் பற்றிய புத்தகம் தேடி வந்தாள். புத்தகம் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன். அன்றே கேட்டாள்: "அக்கா, எலி மாதிரி திட்டத் தெரியுமா ஒங்களுக்கு?"

வரப்பில் குடியிருக்கும் ஓர் எலித் தம்பதிதான் கதை. புருஷன் எலிக்குப் பரம்பரைப் பெருமை. பொண்டாட்டி எலிக்கு ரைஸ்மில்லுக்குக் குடிபோக ஆசை. ஒவ்வொரு வருடமும் மேட்டூர் திறந்தால் வளைக்குள் தண்ணீர் வந்துவிடும். மூட்டை முடிச்சோடு கிளம்ப வேண்டும். புருஷனுக்கு அவளே குரலைத் தடிமனாக்கிப் பேசினாள். பொண்டாட்டி நான். வசனமும் நான்தான். வரி வரியாக யாருக்கும் புரியாமல் எதையாவது எழுதிக்கொண்டிருந்த எனக்கு, ஓர் எலியின் வாயில் உட்கார்ந்த பிறகுதான் நேராகப் பேச வந்தது.

ஒலிப்பதிவு அவள் வீட்டு நெல் அறையில். ஞாயிறு மதியம், பம்புசெட்டுகள் ஓய்ந்து ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும் இரண்டு மணி நேரம். மூன்று பக்கமும் விதைநெல் மூட்டைகளை நெஞ்சு உயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஸ்டூல் மேல் மைக் வைத்து, தலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவோம். நெல் மூட்டை எதிரொலியைக் குடித்துவிடும். வியர்வை ஆறாக ஓடும். சாக்கு வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வரும். ஆனால் பதிவானதைக் கேட்டால், பட்டணத்து ஸ்டுடியோ தோற்றுப்போகும்.

ஒரே ஒரு குறை. அதில் ஒரு பக்கத்து மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய சித்தப்பா.

ஒரே வீடுதான் அது. பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பினார்கள். நிலத்தில் அண்ணனுக்குத் தலைமடை, வாய்க்கால் முதலில் தொடும் வயல். தம்பிக்குக் கடைமடை. சுவர் வந்த பிறகும் சில வருடங்கள் ஒழுங்காகத்தான் போயிற்று. அண்ணன் தன் வயலுக்குப் பாய்ச்சியதும் தண்ணீரைக் கீழே விடுவார்; தம்பி தன் வயலில் நிற்பார். தண்ணீர் வந்து காலைத் தொட்டதும் "அண்ணே, தண்ணி வந்துருச்சு!" என்று கத்துவார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் மடையை விட்டு நகருவார். பிறகு ஆற்றில் தண்ணீர் குறைந்த ஒரு வருடம் வந்தது. அண்ணன் முதலில் பாய்ச்சினார், பாய்ச்சிக்கொண்டே இருந்தார். தம்பி மூன்று நாள் கடைமடையில் நின்றார். கத்துவதற்கு ஒன்றும் வரவில்லை. நாற்று கருகிய பிறகு வரப்பில் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது. அது என்ன பேச்சு என்று இருவருமே யாரிடமும் சொன்னதில்லை. பதினொரு வருடமாக முகம் பார்ப்பதில்லை.

சித்தப்பாவுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. முதல் எபிசோடில் எலிகள் சண்டை போடும்போது பின்னால் அந்த இருமல் விழுந்துவிட்டது. அவள் இரண்டு நாள் கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டினாள். இருமலை எடுத்தால் என் குரலும் சேர்ந்து போய், பல் விழுந்த வாய் மாதிரி ஓர் ஓட்டை மிஞ்சியது. அப்படியே ஏற்றிவிட்டோம். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் ஒன்றையேதான் கேட்டிருந்தார்கள்: பின்னாடி இருமுறது யாரு?

அவள் யோசிக்கவே இல்லை. இரண்டாவது எபிசோடில் எலி வளைக்குப் பக்கத்தில் இன்னொரு வளை வரைந்தாள். எலிகள் அசட்டுத்தனமாக எதையாவது சொன்னால் அதிலிருந்து இரண்டு நண்டுக் கண்கள் குச்சிபோல் எழும்பும். இருமல் கேட்கும். கண்கள் உள்ளே போய்விடும். நண்டு முழுதாக வெளியே வந்ததே இல்லை. பேசியதும் இல்லை. எலிகளைவிட நண்டுக்குத்தான் ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

நான்காவது எபிசோடில்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. "எங்க பாட்டன் தோண்டுன வளைடி இது" என்று புருஷன் எலி பெருமையடிக்கும். "தோண்டுனாரு. தண்ணி வர்ற பக்கமா பாத்து வாசல வச்சுத் தோண்டுனாரு" என்பாள் பொண்டாட்டி. சொல்லி முடித்தேன். சுவருக்கு அப்பால் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மறுபடி எடுத்தோம். அதே இடத்தில் அதே இருமல். மூன்றாம் முறை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினேன். "தோண்டுனாரு..." அந்தப் பக்கம் மூச்சுக்கூட இல்லை. "...தண்ணி வர்ற பக்கமா பாத்து வாசல வச்சு" என்றதும் இருமல் வந்து விழுந்தது.

அவள் போர்வைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தப்பா காத்திருந்து இருமுறாருக்கா."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "நாம அவரக் கேலி பண்றோமா? நோய் அது. அத வச்சு ஊரச் சிரிக்க வைக்கிறோம். கேக்காம எடுத்துக்கிட்டோம்."

நான் மூட்டையில் ஓர் ஓட்டையை விரலால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய அப்பா இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் நான் செருப்பு மாட்டும்போது வாசலில் நாற்காலியில் இருந்தபடி மகளிடம் சொன்னார்: "அந்த இருமல எடுத்துரு."

"எடுத்தா எலிக் கொரலும் சேந்து போயிருதுப்பா."

"அப்பக் கெடக்கட்டும்." ரோட்டைப் பார்த்தார். "முன்னைக்கி இப்ப இழுப்பு ஜாஸ்தியா இருக்கு."

இப்படி ஒன்பது எபிசோடுகள் போயின. பத்தாவதோடு முடித்துக்கொள்வது என்று இருந்தோம். அந்த வாரம்தான் செய்தி வந்தது. சித்தப்பா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார், ஓசூரில் இருக்கும் மகன் வியாழக்கிழமை வந்து கூட்டிப் போகிறான், அறுவடைத் தூசி இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இனி வருவது சந்தேகம்.

"நண்ட வெளிய கொண்டு வரணும்க்கா" என்றாள் அவள். "பேசணும் அது. அவரே வந்து பேசணும், இந்த ரூமுக்குள்ள. போறதுக்குள்ள ஒரு தடவ அவரு இந்த வீட்டுக்குள்ள வந்துட்டுப் போவணும்."

ரூம் என்றால் அப்பாவின் வாசற்படி ஏற வேண்டும். அதைத்தான் அவள் கேட்கிறாள் என்பது எனக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன். சித்தப்பா வீட்டுக்குத் தெருவழியாகச் சுற்றினால் முப்பது தப்படி. அந்த முப்பது தப்படியைப் பதினொரு வருடமாக அவள் நடந்ததில்லை. அடிக்கொருதரம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

சித்தப்பா ஒல்லியான மனிதர். கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கயிறு தேடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உட்காருவதற்கு இரண்டு பெட்டிகளைத் தள்ளிவிட்டார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த எலிப் பொண்டாட்டி?"

"ஆமாங்கய்யா."

"என்னா வாய்ம்மா ஒங்களுக்கு. அந்த எலி பாவம்."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "சித்தப்பா, ஒங்ககிட்ட கேக்காமயே..."

"ஆறாவதுல ஒரு தப்பு இருக்கு பாப்பா" என்று குறுக்கே வந்தார். "தண்ணி தொறந்த மறுநாளே எலி வூட்ட காலி பண்ணுது. அது தலைமடை எலி. நீ வரைஞ்சது எங்க வரப்பு, அந்தப் பூவரச மரத்த வச்சே தெரிஞ்சிக்கிட்டேன். எங்க வரப்புக்குத் தண்ணி வர இருவது நாளு ஆவும். அதுக்குள்ள அது குட்டியே போட்டுரும்."

"சாரி சித்தப்பா. இருமலுக்கும் சேத்து."

"இருமலுக்கு என்னா?" சிரிக்கப் போய் இருமல் வந்து, அது அடங்கும்வரை கையை ஆட்டிக் காத்திருக்கச் சொன்னார். "அம்பது வருசமா இருமுறேன். ராத்திரில தூங்க விடலன்னு திட்டுனவங்கதான் எல்லாரும். இப்பத்தான் நாலு பேரு சிரிச்சிருக்காங்க. பையன் ஓசூர்லேர்ந்து போன் பண்ணி, அப்பா நீ பேமஸ்ஸுங்குறான்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"ஒங்கப்பா கூப்புடாம அந்தப் படி ஏற மாட்டேன் பாப்பா. தப்பா நெனச்சிக்காத."

திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டாள். மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "நான் கூப்புட மாட்டேன்" என்றார். மோரை ஆற்றினார். "வந்தா வெரட்டவும் மாட்டேன்."

"அவரு கூப்புட்டாத்தான் வருவாராம்ப்பா."

"அப்ப வர வேணாம்."

அவள் அழவில்லை. மாடிக்குப் போய் நண்டை வரைந்தாள். எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் முழுசாக. குரல் இல்லாத நண்டு.

புதன்கிழமை மதியம் நான் போனபோது நெல் அறையில் புழுதி பறந்துகொண்டிருந்தது. பொதுச்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த மூட்டைகளை அவளுடைய அப்பா ஒவ்வொன்றாக இழுத்து எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது. சட்டை இல்லை, முதுகெல்லாம் உமித்தூள். அவள் வாசலில் திகைத்து நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"எலிப் புழுக்கை. நாறுது. கூட்டணும்."

நாற்றம் எதுவும் இல்லை. நாங்களும் ஆளுக்கொரு முனை பிடித்தோம். முக்கால் மணி நேரத்தில் சுவர் மொட்டையாக நின்றது, காரை உதிர்ந்து, ஒரு பழைய ஆணியோடு. அந்தப் பக்கம் பெட்டிக்கு ஒட்டும் டேப்பைப் பல்லால் கிழிக்கும் ஓசைகூடத் தெளிவாகக் கேட்டது. அப்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

அவள் மைக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தாள். சுவரைப் பார்த்துப் பேசினாள். "சித்தப்பா. அங்கேர்ந்தே பேசலாம். நல்லாக் கேக்குது."

டேப் ஓசை நின்றது. பிறகு அவர் குரல், பக்கத்தில் நிற்பவர்போல்: "என்னா பேசணும்?"

நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். வளை முழுவதும் தண்ணீர் வந்து எலிகள் கிளம்பும்போது நண்டு வெளியே வந்து சொல்ல வேண்டிய வசனம். மூன்று வாக்கியம், இரண்டு நக்கல். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

"இது நண்டு பேசுற பேச்சா இல்லைங்களே, எலியம்மா. ஒங்க எலிதான் இப்படிப் பேசும்."

"நீங்களே சொல்லுங்கய்யா. நண்டு என்ன சொல்லும்?"

எங்கள் பக்கம் துடைப்பத்தின் சரசரப்பு மட்டும். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பிறகு வரப்பில் நின்று கத்துவதுபோல், ஆனால் கத்துவதற்கு வேண்டிய மூச்சு இல்லாமல்:

"அண்ணே... தண்ணி வந்துருச்சு."

துடைப்பம் நின்றது.

அவர் மறுபடி சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது மூலையில் துடைப்பம் சாய்ந்து கிடந்தது; அப்பா கொல்லைப்புறம் போயிருந்தார். அடிபம்பில் வெகுநேரம் முகம் கழுவும் ஓசை கேட்டது. பதிவில் அதுவும் இருக்கிறது. அவள் அதையும் எடுக்கவில்லை. தண்ணீர் வரும் காட்சிக்கு அதையே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நான் கல்லூரிக்குப் போகவில்லை. வெள்ளைக் கார் வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறின. மகன் வண்டியை எடுக்க, சித்தப்பா முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டார். அவள் கண்ணாடிப் பக்கம் நின்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கார் இரண்டு அடி நகர்ந்திருக்கும். அப்பா வீட்டுக்குள்ளிருந்து படியிறங்கி வந்தார்; கார் நின்றது. தம்பியைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், ஸ்டியரிங் பிடித்திருந்த பையனிடம் குனிந்தார்.

"ஏசிய நேரா மூஞ்சில வுடாத. அவனுக்கு ஆவாது. திருச்சி தாண்டுனதும் எறக்கிச் சுடுதண்ணி வாங்கிக் குடு."

"சரிங்க பெரியப்பா."

அப்பா நிமிர்ந்து, காரின் மேல் கையை வைத்தபடி தெருக்கோடியைப் பார்த்தார். சித்தப்பாவும் அவரைப் பார்க்கவில்லை. எதிரே கண்ணாடியைப் பார்த்தபடியே, பக்கத்தில் நின்ற அண்ணன் மகளிடம் சொன்னார்:

"கேட்டுச்சுன்னு சொல்லு பாப்பா, ஒங்கப்பாகிட்ட."