மைனஸைக் கேட்டால் மட்டும் சொல்

போனை விற்கிறவர்களுக்குப் பேச்சே வேண்டாம், அது தானாக விற்றுக்கொள்ளும்; லேப்டாப்பை விற்கிறவர்களுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் போதும்; இரண்டுக்கும் நடுவில் முழித்துக்கொண்டு நிற்கிற டேப்லெட்டை விற்கிறவர்களுக்குத்தான் தொண்டையில் ஈரம் நிற்பதில்லை. கவுண்டருக்கு உள்பக்கம் நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தாரே, இது உங்களுக்காக.

நகரியிலிருந்து தினமும் ரயிலில் திருப்பதிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் கடையில் டேப்லெட் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். போன மழைக்காலத்தில் புது மாடல் ஒன்று வந்தது. பெரிய திரை, நாலு ஸ்பீக்கர், நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரி, எழுதுவதற்கு ஒரு பென்சில். பயிற்சி கொடுக்க வந்த கம்பெனி ஆள் அந்தப் பென்சிலால் கண்மூடித் திறப்பதற்குள் ஒரு யானை வரைந்து காட்டினார். நானும் ஒரு யானை வரைந்தேன். பூசணிக்காய் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பார். இந்த மாதம் இது ஓடவில்லை என்றால் கவுண்டரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஏர் ஃப்ரையர் அடுக்கப்போவதாகவும், என்னைச் சித்தூர் கிளைக்கு மாற்றப்போவதாகவும் சிரித்தபடியே சொன்னார். சித்தூர் என்றால் பஸ் மாறிப் பஸ். நான் வீடு சேரும்போது என் மகள் தூங்கியிருப்பாள்; அவள் எழுந்திருப்பதற்குள் நான் கிளம்பியிருப்பேன். பெற்ற பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி ஆகிவிடுவேன். விற்க ஒரு வழி சொல்லுங்கள் சார் என்று கேட்டேன். வாய் நிறையப் புகழ வேண்டும், குறையை மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும் என்பதை அவர் தெலுங்கும் தமிழுமாக இப்படி உபதேசித்தார்:

"ப்ளஸ் நோரு நிண்டா செப்பும்மா. மைனஸ் மட்டும் கேட்டாத்தான் சொல்லணும்."

மூக்கு

முதலில் வந்தவர் சத்தியவேட்டுத் தம்பி ஒருவர். ஸ்ரீசிட்டியில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்ததும் மல்லாந்து படுத்துப் படம் பார்ப்பதுதான் அவருக்கு ஒரே சுகமாம். அப்படியென்றால் படுத்துப் பார்த்துத்தானே வாங்க வேண்டும் என்று, பக்கத்தில் விற்பனைக்கு வைத்திருந்த மசாஜ் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டேப்லெட்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். நான் திரையின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் முழங்கை சுவிட்சில் பட்டு நாற்காலி மசாஜ் செய்ய ஆரம்பித்தது. ஆள் அதிர, கை அதிர, டேப்லெட் அவர் மூக்கில் சொத்தென்று விழுந்தது.

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். டேப்லெட்டைத்தான். ஒரு கீறல்கூட இல்லை. "எவ்வளவு உறுதி பார்த்தீங்களா!" என்று அதையும் ப்ளஸ்ஸில் சேர்த்துவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீரோடு எழுந்து உட்கார்ந்தார்.

"கெட்டியாத்தான் கீது மேடம். மூக்குக்கு ஸ்க்ரீன் கார்டு எதுனா கீதா?"

சிம் எங்கே?

அடுத்தவர் சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர். டேப்லெட்டை வாங்கி நாலு ஓரத்தையும் நகத்தால் நெருடிப் பார்த்தார். சிம் போடும் இடத்தைத் தேடுகிறார் என்று புரிந்ததும் பேச்சை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினேன். விடவில்லை, கேட்டேவிட்டார். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. இதில் சிம் கிடையாது, உங்கள் போனில் இருக்கிற நெட்டை இது வாங்கிக்கொள்ளும் என்றேன்.

"நம்ம நெட்டா?" என்றார். நம்ம நெட்தான் என்றேன். "போன் சார்ஜும் எறங்குமா?" என்றார். கொஞ்சம் இறங்கும் என்றேன். பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல டேப்லெட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"வேணாம்மா. வேலைக்குப் போவாம நம்ம சோத்தைத் துன்னுக்கினு படம் பாக்கற மச்சான் ஒருத்தன் ஏற்கெனவே வூட்ல கீறான்."

நயனா

டைப் அடிக்க வராது என்று சொன்ன ரேணிகுண்டா தையற்கடை அம்மாவைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம். நீங்கள் பேசினால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும் என்று தமிழை வைத்துக் கொடுத்தேன். அப்பாவுக்குச் செய்தி அனுப்புவதாக நினைத்துக்கொண்டு அவரும் தெளிவாகத்தான் பேசினார்: "நைனா, ரேப்பு ஒஸ்தாம். துன்னுக்கினே வரோம், ஒண்ணும் செய்யாத." நாளைக்கு வருகிறோம், சாப்பிட்டுவிட்டே வருகிறோம், அவ்வளவுதான் விஷயம். எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் புரியும்.

திரையில் "நயனா ரம்பம் வஸ்தாது. துண்டு குனிந்து வரும், ஒன்றும் செய்யாதே" என்று வந்தது. யாரோ கடத்தல்காரன் மிரட்டுகிற மாதிரி இருந்தது. அவசரமாகத் தெலுங்குக்கு மாற்றினேன். அதில் வந்ததைப் படித்துவிட்டு அந்த அம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம தமிழும் பிரியல, நம்ம தெலுங்கும் பிரியல. மெட்ராஸ்ல செஞ்சதா மேடம் இது?"

மொட்டை

மாதக் கடைசி வந்துவிட்டது. என் கவுண்டருக்குப் பின்னால் ஏர் ஃப்ரையர் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. அப்போதுதான் அந்தப் புத்தூர்க்காரர் மனைவியோடு வந்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சென்டர் நடத்துகிறாராம். தோள்வரை முடி, நெஞ்சுவரை தாடி. இப்போதைக்கு ஒன்று, பிடித்திருந்தால் சென்டருக்கு மொத்தமாக என்றார். மொத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளியே டீ கொண்டுவந்து கொடுத்தார். நானும் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட முகப் பூட்டு வைத்துக் கொடுத்தேன். முகத்தைக் காட்டினால் திறக்கும், இல்லாவிட்டால் எண் போட வேண்டும். மனைவி சொன்ன எண்ணை அவர் பதிந்துகொண்டார். வேண்டுதல் இருக்கிறது என்று அங்கிருந்து நேராக மலைக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் சாயங்காலம், சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று கடைக்குள் பாய்ந்தது. தாடி இல்லை, மீசை இல்லை. எனக்கே ஆளைத் தெரியவில்லை, டேப்லெட்டைக் குற்றம் சொல்லி என்ன பயன்? "காலையிலேர்ந்து மொகத்தைக் காட்டிக்கினே கீறேன், தொறக்க மாட்டேங்குது!" என்று கத்தினார். திருப்பதியில் நின்றுகொண்டு முகப் பூட்டு விற்கிறவளுக்கு இது உறைத்திருக்க வேண்டாமா? எண்ணைப் போடுங்கள் சார் என்றேன். எண் மறந்துவிட்டதாம். பின்னாலேயே வந்து சேர்ந்த மனைவி டேப்லெட்டைப் பிடுங்கி நாலு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது. அது அவர்களுடைய கல்யாண நாள். மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"அதுக்கு உங்க மொகம் மறந்துபோச்சு, உங்களுக்குக் கல்யாண நாளே மறந்துபோச்சு. ரெண்டும் ஒரே கம்பெனிதான்."

இன்னும் என்ன?

மனைவியிடம் காட்ட முடியாத கோபம் என் பக்கம் திரும்பியது. "இன்னும் என்னென்ன மைனஸ் கீது? மறைக்காம இப்பவே சொல்லிடும்மா" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற முதலாளி, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஆர்டர் போய்விட்டது, இனி சித்தூர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை முட்டியது. அழுகை வந்தால் எனக்கு வாய் நீளும். மனிதர் கேட்டும்விட்டார். சிம் போட முடியாது, கேமரா படு மட்டம், போட்டோ எடுத்தால் மாவில் முக்கி எடுத்த மூஞ்சிபோல வரும், பெரிய கேம் ஏதாவது போட்டால் திணறி நின்றுவிடும், சட்டைக்குள் ஒளித்துவைக்கவும் முடியாது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். முதலாளி ஏர் ஃப்ரையர் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மொட்டையைத் தடவிக்கொண்டே அவர் விசாரித்தார். "போன் பேச முடியாதா?" முடியாது. "கேம்?" ஆடவே முடியாது. "செல்ஃபி?" எடுத்தவர்களே அழித்துவிடுவார்கள். "பாடம் மட்டும் படிக்கலாமா?" அது ஒன்றுதான் சார் இதில் ஒழுங்காக நடக்கும் என்றேன். அவர் முகம் விளக்குப் போட்ட மாதிரி மலர்ந்தது. முதலாளி பக்கம் திரும்பினார்.

"மைனஸ் ஒண்ணுகூட கொறையாம எங்க சென்டருக்கு முப்பது கட்டுங்க சார்."

என் கவுண்டர் பிழைத்தது, மகள் முழித்திருக்கும்போதே நானும் வீடு போய்ச் சேர்கிறேன். பாவம், மாட்டிக்கொண்டது புத்தூர்ப் பிள்ளைகள்தான்.