வாசிக்காமல் வைத்த பெயர்

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றேன். மீன் கொண்டுவரும் மேரி கூடையை இறக்காமலே சொன்னாள்: "டீச்சரே, ரேடியோ சாரு மரிச்சுப்போனாரு, அறிஞ்சியளா?"

"எந்த ரேடியோ சாரு?" என்று கேட்டுவிட்டேன். குழித்துறைக்கு ஒரே ஒரு ரேடியோ சார்தான். ஆனாலும் பெயர், ஊர், வீடு கேட்காமல் எந்தச் சாவையும் நம்பக்கூடாது என்று நம்மைப் பழக்கிவைத்தவரே அவர்தானே. மேரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இனி யாரிடம் போய்ச் சொல்ல?

உங்களில் பலருக்கு ஞானமுத்து சாரைத் தெரியும். சந்தைக்கு எதிரே வாசகசாலை மாடியில் உட்கார்ந்து, திருவனந்தபுரம் மலையாளச் செய்தியையும் திருச்சித் தமிழ்ச் செய்தியையும் ரேடியோவில் கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்வார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் வாசிப்பார். உள்ளூர்ச் செய்தி கடைசியில் வரும். சுதந்திரம் கிடைத்த வருஷம் தொடங்கிய வேலை. சம்பளம் கிடையாது, பகை மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

ஒருமுறை, ரேஷன் அரிசி வந்து இறங்கியும் கடை திறக்கவில்லை என்று வாசித்தார். கடைக்காரர் மாடியேறி வந்து சத்தம் போட்டார். சார் மைக்கை அவர் பக்கம் திருப்பி, "நீரே சொல்லும், எப்பம் திறப்பீரு? ஊரு கேக்கட்டு" என்றார். மறுநாள் கடை திறந்தது. அதற்குப் பிறகு சார் வீட்டுக்கு அந்தக் கடையில் எப்போதும் புழுத்த அரிசிதான்.

நம் தாலுகாக்களை மலையாளச் சர்க்காரிடமிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர் கொதித்துக்கிடந்த நாட்களில் போலீஸ் அவரைக் கலகக்காரர் என்றது. நம் ஆட்களோ அவர் வாசிப்பில் சூடு போதவில்லை என்றார்கள். "எனக்கும் கட்சி உண்டும். அத வீட்டுல வச்சிட்டுத்தான் மாடி ஏறுவேன்" என்பார்.

ஊர்வலத்தின்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய அன்று என் வீட்டுக்காரர் தங்கையனும் அதில் போயிருந்தார். சேதி கேட்டதும் வகுப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சந்தைக்கு ஓடினேன். எனக்கு முன்பே பெருங்கூட்டம். ஆறு மணிக்குச் சார் வாசித்தார்: "ஒருவர் இறந்திருக்கிறார். பெயர் வந்திருக்கிறது. தகப்பன் பெயரும் வீட்டுப் பெயரும் வரவில்லை. அவை வரும்வரை வாசிக்க மாட்டேன்." அவ்வளவுதான். மைக்கை அணைத்துவிட்டார்.

மாடிக்கு ஓடினேன். "சாரே, எனக்க ஆளு வந்து சேரல்ல. பேரு தங்கையனா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பேரு மட்டும் போராது டீச்சரே. நான் விசாரிச்சுட்டு வாறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாததால் அது தங்கையன்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நம் பக்கத்தில் தங்கையன்கள் எத்தனை பேர் என்று யோசிக்கிற நிதானம் அப்போது எனக்கு இல்லை. கீழே இறங்கிக் கூட்டத்துக்குள் நின்று, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கத்தினேன்: "நீரு ரேடியோ சாரில்ல, சர்க்காரு ரேடியோ."

கூட்டம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. யார் சொன்னது என்று எவரும் கவனிக்கவில்லை. ஒரு கல் ஒலிபெருக்கியில் பட்டு விழுந்தது. சார் பின்பக்கமாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். பயந்து ஓடுகிறார் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் ஆற்றங்கரை வழியாக, ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். அழுதேன், திட்டினேன், கஞ்சி ஊற்றினேன். இறந்தவர் இரணியல் பக்கத்துத் தங்கையன் என்று மத்தியானம் சார் முழு விவரத்தோடு வாசித்தாராம். நான் அதைக் கேட்கக்கூடப் போகவில்லை. என் ஆள் வந்துவிட்டார், எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. பிள்ளைகள் அவர் சைக்கிளின் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆறு மாதத்தில் வாசகசாலைக் கமிட்டி மைக்கை வேறொருவரிடம் கொடுத்தது. நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரப்போகும் செய்தியைச் சார் சந்தையில் நின்று, மற்றவர்களைப்போல அண்ணாந்து கேட்டார். நானும் அங்கே நின்றேன். பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

சாருடைய அடக்கத்துக்கு அந்த இன்னொரு தங்கையனின் மனைவி வந்திருந்தாள். "அண்ணைக்கு ஆஸ்பத்திரியில முகத்தப் பாத்து, வீட்ட விசாரிச்சு, விடியக்காலத்தே எனக்க வீட்டுக்குச் சைக்கிள் சவுட்டி வந்தாரு. ஒலிபெருக்கி வழியா நான் அறியக்கூடாதுன்னாரு" என்றாள். அன்று சைக்கிளில் அவர் எங்கே ஓடினார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றே சாருடைய மனைவியிடம் போய், "அக்கா, அந்தப் பேர வச்சது நான்தான்" என்றேன்.

"அறியும் டீச்சரே. அவரும் அறிவாரு. பகல் முழுக்கக் குரலு கேக்குத மனுசனுக்கு ஒங்க குரலு தெரியாதா? ஆரு சொன்னதுன்னு கமிட்டிக்காரரு கேட்டப்பம் தெரியாதுன்னுட்டாரு. கமலம் டீச்சருக்க பேரு வெளிய வந்தா, கிளாசுல ஒரு பிள்ள மதிக்காதுன்னு எனக்கிட்டச் சொன்னாரு."

ஞானமுத்து சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் பத்திரமாக வைத்துத் தந்த என் பெயர்தான். இதை அச்சுக்குக் கொடுக்கப் பயமாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் என்னை எப்படிப் பார்ப்பார்களோ, தெரியவில்லை. ஆனால் இனி எவராவது அவரைச் சர்க்கார் ரேடியோ என்று சொன்னால், முதலில் அப்படிச் சொன்னது யார் என்று கேளுங்கள். தெரியாது என்றால், என் பெயரைச் சொல்லுங்கள்.